பலகையைத் துடைத்தவர்

கொடைக்கானலில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த புதிது. எங்கள் கல்லூரியைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்த ஒரு அம்மா, கிழிந்த ஸ்வெட்டரோடு வெள்ளனே வந்துவிடுவார். கண்ணில் படும் எதையும் முந்தானையால் ஒருமுறை துடைக்காமல் நகரமாட்டார்.

கல்லூரியின் பசுமை வளாகத் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. அதைப் பார்வையிட ஆய்வுக்குழு வருவதற்கு முன்பு, விடுதிக்குப் பின்னால் குவிந்திருந்த பிளாஸ்டிக் மூட்டைகளை அந்த அம்மாவிடம் அப்புறப்படுத்தச் சொன்னேன். குழு பாராட்டிவிட்டுப் போனது. ‘பிளாஸ்டிக் இல்லாத வளாகம்’ என்று வாசலில் பலகை வைத்தோம். அதற்கப்புறம்தான் அவரிடம் கேட்கத் தோன்றியது.

“மூட்டையையெல்லாம் எங்கம்மா போட்டீங்க?”

“எங்க வீட்டுக்குப் பின்னாடிதாங்க சார். எப்பவும் அங்கனதான கொட்டுறது?” என்றவர் பலகையைப் பார்த்தார். “இதுல என்ன சார் எழுதிருக்கு?”

“காலேஜ் பேருதாம்மா” என்றேன்.

முந்தானையால் அந்த எழுத்துகளைத் துடைத்துவிட்டுப் போனார். நான் அங்கே வேலை பார்த்தவரை தினமும் துடைத்தார்.