கதிரைக்குத் தைத்த கோட்டு

தையலறையில் வெள்ளிக்கிழமை உடுப்பு மினுக்குவது சத்தியபாமாவின் வேலை. அன்றைக்கு அவள் முன்னால் கிடந்தது ஒரு கதிரையின் காற்சட்டை. நாற்காலிதானே, அதற்கு நாலு கால். நாலிலும் மடிப்புக் கத்திபோல நிற்கவேண்டுமென்று ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை அழுத்தினாள். மெல்பேர்னின் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அவள் சேர்ந்து மூன்று மாதம் அன்றோடு முடிகிறது. பின்னேரத்துக்குள் வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கதிரைக்கு உடுப்புக் கேட்டவர் மிஸ்டர் பென்டில். இங்கிலாந்துக்காரர். தலையுமில்லை வாலுமில்லை என்ற மாதிரியான பகிடிகளால் பேரெடுத்தவர். ஒரு பூசணிக்காய்க்குப் பாஸ்போர்ட் கேட்டு மேடையில் அரைமணி நேரம் வாதாடினவராம். லண்டனில் அவருடைய நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். எழுபத்தாறாம் ஆண்டு இங்கே வந்து சனிக்கிழமை நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். பாட்டுக்காரரை அறிமுகம் செய்வார், விருந்தினரைப் பேட்டி காண்பார், நடுவில் தன்னுடைய கூத்தையும் சேர்த்துவிடுவார். இங்கேயும் பார்க்கிற ஆட்கள் குறைகிறார்கள் என்று தையலறையில் கதை அடிபட்டது.

சத்தியபாமா அவருக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. இங்கிலீசு விளங்காமல் இல்லை. எங்களைச் சிரிக்கவைக்க இவ்வளவு பாடுபடுகிற மனிசனுக்கு எங்களிடம் ஏதோ வேண்டியிருக்கிறது என்பது அவள் எண்ணம்.

அவள் சந்தேகத்துக்கு ஒரு கதை உண்டு. கொழும்பில் ஒரு துணிக்கடையில் தைத்த காலத்தில், முதலாளி வாயால் சொன்ன அளவுக்குப் பதினெட்டுப் பள்ளிச் சீருடை வெட்டினாள். அளவு பிழைத்தது. "நான் எப்ப பிள்ளை அப்பிடிச் சொன்னனான்?" என்று முதலாளி கேட்டார். வேலை போனது. அதன்பிறகு எழுத்தில் வராத சொல்லுக்கு அவள் ஊசியில் நூல் கோப்பதில்லை. நிலையத்தில் யார் என்ன கேட்டாலும் காகிதத் துண்டில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

"என்னட்டையும் கலியாணத்துக்கு முதல் துண்டு வாங்கியிருக்கலாம்" என்பான் கணவன் சிறிதரன்.

"வாங்கினனான்தானே. பின்னை கலியாண எழுத்தெண்டு பதிவுகாரருக்கு முன்னாலை கையெழுத்து வைச்சது என்னத்துக்கு?"

பென்டிலும் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். 'கதிரைக்குக் கோட்டும் காற்சட்டையும். பொருந்தக் கூடாது. தொளதொளவென்று, கோணலாக.' கீழே பெரிய கையெழுத்து. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அதை டண்டினொங் வீட்டு மேசையில் விரித்துவைத்தாள்.

"கோணலாத் தைக்கட்டாம். அதுவும் கடைசிக் கிழமையிலை."

"பகிடிக்காரன் வேறை என்ன கேப்பான்?"

"கோணலாத் தைச்சுக் குடுத்தா, 'பாருங்கோ இவவின்ரை தையலை' எண்டு வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம்."

"துண்டு இருக்கெல்லே, காட்டுமன்."

"துண்டை ஆர் பாக்கிறது? தையலைத்தான் பாப்பினம்."

துண்டையே நம்பாத சத்தியபாமாவைச் சிறிதரன் அன்றுதான் கண்டான். "அப்ப நேராத் தையும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு குசினிக்குப் போனான்.

நேராகவே தைத்தாள். யாருடையதோ ஓர் அளவு இல்லாமல் அவளுக்கு வெட்டத் தெரியாது. தையல் மேசையின் லாச்சியில் பென்டிலின் அளவுக்கு வெட்டிவைத்த காகிதம் கிடந்தது. அதைத் துணிமேல் வைத்துக் கோட்டை வெட்டினாள். அவருடைய இடது தோள் சற்றுத் தாழ்வு. கோட்டிலும் அது அப்படியே வந்துவிட்டது.

மினுக்கி முடிந்த உடுப்பைப் பதினொரு மணி ஒத்திகைக்குக் கொண்டுபோய்க் கதிரைக்கு மாட்டினாள். விளக்குகளைப் போட்டார்கள். பென்டில் அதைப் பேட்டி காணவேண்டும். எல்லாரும் சிரிக்கவேண்டும்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கரும்பச்சைக் கோட்டோடு, இடது தோள் தாழ்ந்து, தலையில்லாத பென்டில் அங்கே குந்தியிருந்தார். செத்தவீடு மாதிரி அமைதி. கமராக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யார் தைத்தது?" என்று தயாரிப்பாளர் கேட்டார்.

"நான்."

"இப்படியா கேட்டிருந்தது? உங்களிடம்தான் எல்லாத்துக்கும் துண்டு இருக்குமே. காட்டுங்கள்."

சத்தியபாமாவின் கை முதல்முறையாகத் துண்டை எடுக்கத் தயங்கியது. தன்னைக் காக்க வாங்கிய காகிதம் தனக்கெதிராகவே சாட்சி சொல்லப்போகிறது. வேறு வழியில்லாமல் நீட்டினாள்.

தயாரிப்பாளரின் கைக்குப் போகுமுன் பென்டில் அதைப் பறித்தார். வாசித்தார். கதிரையைக் கனநேரம் பார்த்தார். பிறகு துண்டை நாலாக மடித்து வாய்க்குள் போட்டு மென்றார்.

"உப்பு இருக்கிறதா?" என்று கதிரையிடம் கேட்டார்.

கமராக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தயாரிப்பாளருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதைத்தான் நாளைக்குச் செய்கிறோம்! அப்ப உடுப்பு?"

"நான் கேட்டது இதேதான்" என்றார் பென்டில், வாய் நிறையக் காகிதத்தோடு.

பின்னேரம் நிரந்தரக் கடிதம் வந்தது. மூன்று தரம் வாசித்தாள். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனம்தான் அடங்கவில்லை. அந்த மனிசன் ஏன் பொய் சொன்னவர்? இனி என்ன கேட்பார்?

ஐந்து மணிக்குப் பென்டில் தையலறைக்கு வந்தார். "நாளைக்கு ஒரு துண்டு வேண்டும். மெல்லிய காகிதமாக இருந்தால் நல்லது."

"எழுதித் தாருங்கள்" என்றாள் சத்தியபாமா, வாய்ப்பழக்கத்தில்.

அவர் எழுதிக் கையெழுத்து வைத்தார். போகும்போது கொக்கியில் தொங்கிய கதிரையின் கோட்டை எடுத்துப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அளவு கச்சிதமாக இருந்தது. அவர் முகத்தில் பகிடி ஒன்றும் இல்லை.

"மிஸ்டர் பென்டில்," என்றாள். "காலமை நீங்கள் அதைச் சாப்பிட்டது என்னைக் காப்பாற்றவா, அவர்கள் சிரிப்பார்கள் என்றா?"

அவர் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பூட்டினார். கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.