சாமோக்காரன் வராத சாவு

யாக்கோ நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவள் பொக்கோ. தன் அப்பாவைப் போல ஒரு நல்ல மனுஷனைப் பற்றிச் சொந்தமாய் ஒரு படம் எடுக்க வேண்டும், அவர் சாவைப் பார்த்து ஊரே அழ வேண்டும். வருஷக்கணக்காய் அவளுக்கு இதுதான் ஆசை. நடிகருக்கும் பஞ்சமில்லை, ஊர்க்காரர்களே நடித்தார்கள். கெடுத்தது லசினாதான்.

லசினா பைக் மெக்கானிக், சாமோ இனத்தவன். பொக்கோவின் மோசி ஜனத்துக்கும் சாமோக்களுக்கும் கேலி முறை. நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் அதற்குக் கிட்டே நிற்காது. மோசி வீட்டில் எழவு விழுந்தால் சாமோக்காரன் வந்து பிணத்தையே திட்டுவான். பதிலுக்குத் திட்டலாம், கோபப்படத்தான் கூடாது.

படத்துச் சாவு பொய்ச்சாவு என்று லசினாவுக்குத் தெரியாதா என்ன? ஒப்பாரி தொடங்கியதும் ஸ்பானரும் கையுமாக வந்து நின்றான்.

“ஏ கிழட்டு மோசி! செத்துட்டாத் தப்பிச்சிரலாம்னு பாத்தியா? எந்திரிச்சு என் பட்டறையப் பெருக்கிட்டு வந்து படு!”

பிணமாய்ப் படுத்திருந்தவர் பொக்கோவின் சித்தப்பா. பிறந்ததிலிருந்து சாமோக்காரனைத் திட்டி வந்த பழக்கம் சும்மா இருக்குமா?

“போடா, நாய்த்தலை தின்னி!” என்றது பிணம்.

ஒப்பாரி வைத்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“சித்தப்பா, செத்த ஆளு பேசுவாங்களா?”

“அவன் திட்டுறானேம்மா! கேட்டுட்டுக் கம்முனு கெடந்தா நான் மனுஷனா?”

மறுபடி எடுத்தாள், மறுபடியும் அதே கூத்து. பொக்கோவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பொய் சொன்னாள்: பெரிய ரோட்டில் யாரோ டயர் வெடித்து நிற்கிறார்களாம். லசினா பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காட்சி சுத்தமாக வந்தது. கெட்டுப்போனவற்றை இருந்த எரிச்சலில் அங்கேயே அழித்துப்போட்டாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் துணி கட்டிப் படம் போட்டார்கள். சாவு வந்தது. ஒரு கண்ணும் நனையவில்லை. முணுமுணுப்புதான் கிளம்பியது.

“சாமோக்காரன் ஒருத்தனையும் காணோமே?”

“திட்டக்கூட நாதியில்லாமப் போறான்னா, உசுரோட இருக்கையில என்ன அக்கிரமம் பண்ணானோ!”

“நல்லவன் வேஷம் போட்டிருக்கான், படுபாவி.”

படம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்த மனுஷனை அவளே கொன்றுவிட்டாள். ஊர்மேலும் ஆத்திரம், தன்மேலும் ஆத்திரம்.

கூட்டம் கலைந்தபோது லசினா எதிரே வந்தான். மோசிக் கழுதைக்குக் கேமரா ஒரு கேடா என்று ஆரம்பிப்பான். நாலு திட்டு வாங்கினாலாவது மனசு ஆறும் என்று நின்றாள்.

“படம் நல்லா இருந்துச்சுங்க மேடம்,” என்றான் லசினா. “ரோட்டுல டயர் வெடிச்சு யாரும் நிக்கலைங்க.”

நடையைக் கட்டினான்.

“டேய், நாய்த்தலை தின்னி!” என்று முதுகைப் பார்த்துக் கத்தினாள் பொக்கோ. “உன்னத்தாண்டா!”

அவன் திரும்பவே இல்லை.