பச்சை எனக்கு, சைரன் அவருக்கு

தஞ்சாவூர் புறவழிச்சாலை சந்திப்பில் எனக்குப் பச்சை விழுந்தது. காரை எடுத்தேன். வலப்பக்கம் அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதைத் தாண்டி என் கார் மூக்கை நீட்டியதுமே, குறுக்கே வந்த ஆம்புலன்ஸ் பம்பரைப் பிய்த்துக்கொண்டு போய் நின்றது.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஓடி வந்தார். "மேடம், அடி கிடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"உள்ள பாம்பு கடிச்சவர் இருக்காரு. எறக்கி விட்டுட்டு நேரா இங்கதான் வருவேன். இருங்க."

வரமாட்டார் என்றே நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். அதற்குள் போக்குவரத்துக் காவலரும் வந்திருந்தார்.

"சைரன் கேக்கலையா மேடம்?" என்றார் காவலர்.

"கண்ணாடிய ஏத்திவிட்டு பாட்டு கேட்டுக்கிட்டிருந்தேன்."

தப்பு யார் மேல் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்துகொண்டே ஆகவேண்டும் போலிருந்தது. அதே மாதிரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காருகிறேன், சைரன் போட்டு வரமுடியுமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவைதான்" என்றார் காவலர்.

பாட்டு இல்லாமல், தூரத்தில் வரும்போதே கேட்டது. உடனே பாட்டை வைத்தேன்; வண்டி மிக அருகே வந்த பிறகுதான் மறுபடி கேட்டது. அப்போதும் எந்தப் பக்கமிருந்து என்று புரியவில்லை.

அன்று மாலை வக்கீலாக இருக்கும் என் தங்கையிடம் கேட்டேன்.

"சைரன் போட்டு அவசரமா போற வண்டி செவப்புலயும் போகலாம்க்கா. ஆனா வேகத்தக் கொறச்சு, வழி இருக்கான்னு பாத்துதான் போகணும். உள்ள நோயாளி இருந்தாலும் அதுல விலக்கு கெடையாது. உனக்குப் பச்சைன்னாலும் நீ வழி விட்டாகணும்."

"அப்ப தப்பு யாருது?"

"அவரு வேகத்தக் கொறச்சாரா, உனக்குக் கேட்டிருக்கணுமா, இந்த ரெண்டையும் வச்சுத்தான் பாப்பாங்க. ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கலாம்."

மறுநாள் காவல் நிலையத்தில், லாரி மறைத்தும் வேகத்தைக் குறைக்கவில்லை என்று ஓட்டுநர் எழுதிக்கொடுத்தார். பாட்டுச் சத்தத்தில் சைரனைக் கவனிக்கவில்லை என்று நான் எழுதினேன். வாங்கிப் படித்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க இது, ரெண்டு பேருமே தன் மேலதான் தப்புங்கறீங்க?"

இரு தரப்பிலும் கவனக்குறைவு என்று எழுதி, எச்சரித்து அனுப்பினார்கள்.

அங்கிருந்து மருத்துவமனைக்குப் போனேன். பாம்பு கடித்தவர் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் அந்தக் கார்க்காரி என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மனைவி வியப்போடு பார்த்தார்.

"இடிச்சுதா? ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டுச்சுன்னு நெனச்சோம். ஒக்காருங்கம்மா."