மாஸ்டரின் குறிப்பில் இல்லாத கதவு

விஜயரத்தினம் மாஸ்டர் சாவகச்சேரியில் பதினொரு வருடம் அரசறிவியல் படிப்பித்தவர். கெடுபிடி யுத்தம், அதாவது பனிப்போர், என்ற பாடத்துக்கு அவர் சொல்லி எழுதுவிக்கும் குறிப்புக்கு அந்த வட்டாரத்தில் தனி மதிப்பு. வல்லரசு, இரும்புத்திரை, அதிகாரச் சமநிலை, பதிலாள் யுத்தம் என்று எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் வைத்திருந்தார். “இரு முகாம்களும் எக்காலத்திலும் இணங்கா” என்ற வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போடச் சொல்வார். போடாத கொப்பியைத் திருப்பி எறிவார். பரீட்சைக்கு அது நல்ல விடைதான். அவர் குடும்பத்தை இரண்டாகப் பிய்த்துப் போட்டதும் அந்த வரிதான்.

எண்பத்து நான்கின் கடைசியில், இராணுவம் சுற்றிவளைப்பில் ஆண்களை அள்ளிக்கொண்டு போன நாட்களில், மாஸ்டர் தனியாகப் புறப்பட்டார். மனைவி ஞானமலரும் ஐந்து வயது மகள் வத்சலாவும் பின்னால் வருவதாக ஏற்பாடு. மாஸ்கோ வழியாகக் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது, கரும்பலகையில் தான் கீறிக் காட்டிய இரும்புத்திரைக்குள்ளேயே நிற்கிறோம், இனி வெளியே விடமாட்டார்கள் என்று நினைத்தார். கிழக்கு அதிகாரியோ கடவுச்சீட்டில் ஒரு முத்திரையைக் குத்தி ரயிலுக்கு வழி காட்டினான். இடையில் ஒரு நிலையத்தில் ரயில் மாறினார், சுவர் பிரித்த அந்த நகரத்தின் மேற்குப் பாதி வந்துவிட்டது. மறிக்க ஆளில்லை.

ஏன் இல்லை என்று பிறகுதான் அவருக்கு விளங்கியது. காவல் போட்டால் அதை எல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மேற்கு காவல் போடவில்லை. மேற்குக்குத் தலையிடி கூடட்டும் என்று கிழக்கு ஆட்களை விட்டுக்கொண்டிருந்தது. இருவருடைய வீம்புக்கும் நடுவில் ஒரு கதவு திறந்து கிடந்தது. எங்கள் சனத்தின் மீதான இரக்கத்தில் யாரும் அதைத் திறந்து வைக்கவில்லை.

மேற்கு ஜெர்மனியில் எசன் நகரத்து அகதி விடுதியில் அவருடைய அறைத்தோழன் குருநகர் யோசேப்பு. அடுத்த வைகாசியில் ஞானமலரின் கடிதம் வந்தது. ஆனி தொடக்கத்தில் பறக்க இடம் இருக்கிறது, ஆனால் தங்கைக்கு ஆனிக் கடைசியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள், அது முடிந்தால் ஆடி, ஆடியில் பயணம் வேண்டாமென்று அம்மா நிற்கிறா, என்ன செய்ய என்று கேட்டிருந்தாள்.

“மாஸ்டர், கதவு திறந்திருக்கேக்கை வரச்சொல்லுங்கோ,” என்றான் யோசேப்பு. “கலியாணத்தைப் படத்திலை பாக்கலாம்.”

“நீர் சும்மா பயப்பிடாதையும். இவை ரெண்டு பேரும் ஒருநாளும் ஒத்துப்போகமாட்டினம். பதினொரு வருசம் நான் என்னத்தைப் படிப்பிச்சனான்?”

ஆறுதலாக ஆவணியில் வாரும் என்று பதில் எழுதினார்.

ஆடி பிறந்தபோது கதவு மூடிவிட்டது. மேற்கின் விசா இல்லாத தமிழரை இனிக் கடந்துபோக விடுவதில்லை என்று கிழக்கு மேற்குக்குச் சொல்லிவிட்டதாம். ஏவுகணையில் இணங்காதவர்கள், எல்லையில் இணங்காதவர்கள், அந்த நகரத்தை எப்படி அழைப்பது என்பதில்கூட இணங்காதவர்கள், சூட்கேசும் குழந்தையுமாக வருகிற பெண்ணை மறிப்பதில் மட்டும் அழகாக இணங்கிவிட்டார்கள். அன்று செய்தியைக் கேட்ட மாஸ்டர் சாப்பிடவில்லை. யோசேப்பு நல்லவன், தான் சொன்னதை நினைவூட்டவில்லை.

ஆவணியில் ஞானமலர் நம்பிக்கையைக் கைவிடாமல் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போனாள். விசா எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பாமல் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். விசா வேண்டுமென்றால் மாஸ்டரை அகதியென்று ஏற்க வேண்டும். அவருடைய அந்திராக், அதுதான் அகதி விண்ணப்பம், நீதிமன்றத்தில் கிடந்து தூங்கியது. விசாரணையில் ஓர் அதிகாரி, “கிழக்கில் இறங்கினீர்களே, அங்கேயே பாதுகாப்புக் கேட்டிருக்கலாமே,” என்று கேட்டான். கிழக்கு ஒரு சிறைச்சாலை என்று காலையும் மாலையும் வானொலியில் முழங்குகிற நாட்டின் அதிகாரிக்கு, அதைக் கேட்க வாய் கூசவில்லை.

நாலு வருடம் போனது. மாஸ்டர் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். எண்பத்து ஒன்பது நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சமையல் நேரம், முதலாளியம்மா ஹெல்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொலைக்காட்சியின் முன் நிறுத்தினாள். சுவரின் மேல் சனம் ஏறி நின்றது. கிழக்கிலிருந்து வந்த கார்களின் கூரையில் மேற்கத்தியர்கள் தட்டி வரவேற்றார்கள். ஒரு தகப்பன் மகளைக் கட்டிப்பிடித்து அழுதான். ஹெல்காவும் அழுதாள்.

“பாருங்கள் விஜய், கதவு திறந்துவிட்டது. இனிக் குடும்பங்களை யாரும் பிரிக்க முடியாது.”

மாஸ்டரின் கையிலிருந்து சவர்க்கார நுரை வடிந்தது. அந்தத் தகப்பன் மேல் அவருக்குக் கோபமில்லை. அவன் அழட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு.

“அந்தச் சுவரில் எங்களுக்கும் ஒரு கதவு இருந்தது,” என்றார், தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில். “நாலு வருடத்துக்கு முன்பு இரண்டு பக்கமும் சேர்ந்து பூட்டினீர்கள்.”

“எந்தக் கதவு?” ஹெல்காவுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

சொன்னார். ஷோனெஃபெல்ட், கலியாணம், ஆடி, தான் எழுதிய கடிதம், இப்போது பத்து வயதாகிவிட்ட வத்சலா எல்லாவற்றையும் சொன்னார். ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கல்நெஞ்சக்காரியில்லை அவள்.

“நாளைக்கு என் மனைவியும் மகளும் அந்த வழியால் நடந்து வந்தால், இந்தச் சனம் கைதட்டுமா?” என்று கேட்டார் மாஸ்டர்.

ஹெல்கா யோசித்தாள். பிறகு, அவர் மனம் நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவர்களுக்கு விசா வேண்டுமே, விஜய்.”