வீடு யார் பேரில்?

வக்கீல் குற்றாலம் பிள்ளை இறந்த செய்தி எனக்குச் சாலைக் கடைத்தெருவில் கிடைத்தது. சொன்னவர் அவருடைய மருமகன், தங்கை மகன். "மாமா போயாச்சு" என்றார். நான் வாய் திறக்கும் முன்பே, "கடைசியில சித்தம் கலங்கிப் போச்சு ஓய். போனது நல்லதுக்காக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். சாவைச் சொல்ல முதல் வாக்கியம் போதும். இரண்டாவது எதற்கு?

இதைப் படிக்கும், அவரை அறிந்த நம்மூர்க்காரர்களாகிய உங்களுக்கு என் உறுத்தல் புரியும். கோர்ட்டில் பிள்ளைவாள் யாரையும் நம்பியதில்லை. கட்சிக்காரரை, குமாஸ்தாவை, கோர்ட் செய்தி எழுதப் போன என்னை. எல்லோரையும்விட, வீட்டில் ஒருவருக்குப் பைத்தியம் என்று கண்ணீரோடு மனுப்போட வரும் சொந்தக்காரர்களை. "கிறுக்குன்னு எவனாவது சொன்னா வைத்தியனைத் தேடாதேயும். வீடு யாரு பேருலன்னு கேளும்" என்பார்.

இப்போதெல்லாம் 'பைத்தியக்காரன்' என்று எழுதுவதில்லை, 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று மரியாதையாக எழுதுகிறோம் என்று ஒரு இளம் வக்கீல் ஒருநாள் பெருமைப்பட்டார். பிள்ளைவாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பழைய இங்கிலீஷ் சட்டத்துல ரெண்டு வார்த்தை உண்டும். பிறவியிலேயே புத்தி இல்லாதவன், இடையில புத்தி கலங்கினவன். முதல் வார்த்தை விழுந்தா அவன் நிலத்து வரும்படி ராஜாவுக்கு. ரெண்டாவது விழுந்தா அவனுக்காகக் காத்து வைக்கணும். இதை வைத்தியனா பிரிச்சான்? இப்ப மரியாதையா எழுதினா ஆஸ்பத்திரிப் பூட்டு தானா திறந்துக்கிடுமோ?"

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, மகாராஜா 'ராஜப்பிரமுகர்' என்ற பெயரில் டில்லிக்குக் கட்டுப்பட்ட ராஜ்யத் தலைவர் ஆன புதிதில் ஒரு வழக்கு. சாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் விதவை பகவதியம்மாள். அவளுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வீட்டைத் தன் பொறுப்பில் விடவேண்டும் என்று கொழுந்தன் மனு. அவளுக்காக ஆஜரானவர் பிள்ளைவாள். இன்று என்ன கிழமை, நீ யார் மகள் என்றெல்லாம் நீதிபதி கேட்டார். சரியாகவே சொன்னாள். பிறகு, "நாட்டை ஆளுவது யார்?"

"பத்மநாபசாமி."

கோர்ட் சிரித்தது. கொழுந்தனின் வக்கீல் அந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பிள்ளைவாள் சிரிக்கவில்லை. கொழுந்தனைக் கூண்டில் ஏற்றி அதே கேள்வியைக் கேட்டார்.

"மகாராஜா... இல்ல, இப்ப ராஜப்பிரமுகராக்கும்... அது வந்து, டில்லிக்காரங்கதானே?"

"ஒரே மூச்சுல மூணு பேரைச் சொன்ன ஆளு வீட்டுக்குப் போவாரு. ஒரே சாமியைச் சொன்னவ ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? மகாராஜாவே அந்தச் சாமிக்குத் தாசன்னு சொல்லித்தானே ஆண்டாரு?"

மனு தள்ளுபடியாயிற்று. வெளியே வந்ததும், "உமக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்டேன். "எம்மேலயும் சந்தேகப்படும்வே. நம்ம ஊருக்கு அது பத்தாமக் கெடக்கு" என்று சிரித்தார்.

போன மாதம் பழவங்காடி வீட்டில் அவரைப் பார்த்தேன். மனைவி மக்கள் இல்லாத அவருக்குப் பல வருஷம் சமைத்துப் போட்ட செல்லம்மைக்கு அந்த வீட்டை உயில் எழுதி வைத்திருந்தார். "நான் கண்ணை மூடின மறுநிமிஷம் எனக்குக் கிறுக்குன்னு மருமவன் சொல்லுவான். பாத்துக்கிட்டே இரும்."

"நல்ல பேச்சு பேசுதியோ! காப்பி ஆறுது, குடியுங்கோ" என்றாள் செல்லம்மை.

"பாத்தீரா, வீட்டுக்காரி அதட்டுகா."

இப்படிப் பேசியவருக்குத்தான் சித்தம் கலங்கியதாம். ஆமாம், சமையல்காரிக்கு வீடு கொடுப்பவன் இந்த ஊரில் பைத்தியமாகத்தானே இருக்கவேண்டும்!

சடலம் கிடந்த கூடத்தில் மருமகன் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். செல்லம்மை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்: "வீடு யாரு பேருல?"

"எழவு வீட்டுல கேக்க கேள்வியாவே இது? உமக்கென்ன கிறுக்கா?" என்றார் மருமகன்.

அந்த வார்த்தை இப்போது என் மேலும் விழுந்துவிட்டது. விழட்டும். உயில் செல்லாது என்று மருமகன் கோர்ட்டுக்குப் போவார். நான் கூண்டேறிச் சாட்சி சொல்வேன். கடைசி வாரம்வரை அவரோடு பேசிச் சிரித்த நீங்கள், அன்றைக்குப் பார்த்து வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைவாளிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு கேள்விதான். செல்லம்மை அந்த வீட்டில் தனக்கென்று அடுப்பு மூட்டும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.