அக்காள் நடத்திய ஆங்கில வகுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சுற்றத்தாருக்கும் அன்பர்களுக்கும் வந்தனம். அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. அவர்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதும் பொறுப்பு தங்கையாகிய என் தலையில் விழுந்தது. புகழ்ந்து எழுதினால் அக்காளுக்குப் பிடிக்காது. தடுக்கத்தான் இப்போது அவர்கள் இல்லையே.

அக்காள் சேரன்மகாதேவியில் சபை உபதேசியாரின் மூத்த மகளாகப் பிறந்தார்கள். நான் நடை பழகுமுன்பே அம்மாவைக் காலரா கொண்டுபோயிற்று. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் படித்து, பாளையங்கோட்டையில் ஆசிரியை ஆனார்கள். மணமாகிச் சில வருஷத்தில் அத்தான் வேலைக்காகக் கொழும்புக்குப் போனார். குழந்தை இல்லை. அந்தக் குறையைச் சொல்லி அக்காள் அழுது நான் பார்த்ததில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், திருநெல்வேலி டவுணில், ஒரு ஜவுளி வியாபாரியின் வீட்டுப் பின்கட்டில் குடும்பப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை மிஷன் மூலமாக அக்காளுக்குக் கிடைத்தது. துணைக்கு நானும் வண்டியில் போவேன். பாடப்புத்தகத்தில் உறைபனியும் ஆப்பிளும் இருந்தன. அக்காள் அதை மூடிவைத்துவிட்டு அடுப்பங்கரையிலிருந்து பாடத்தைத் தொடங்கினார்கள். உலை கொதிப்பதும் தேங்காய் துருவுவதும் ஆங்கிலத்தில் வந்தன. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால், "சொதிதான். வேணும்னா வெள்ளைக்காரங்க படிச்சுக்கிடட்டும்" என்பார்கள். எண்ணெய் தேய்க்கிற நாளிலும் கோயில் விசேஷ நாளிலும் வகுப்பு கிடையாது. ஆங்கிலம் படிக்க வருகிறவள் தன் வீட்டு வழக்கத்தைச் செருப்புப் போல வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை.

ஒரு நாள் மிஷனிலிருந்து வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் சோதிக்க வந்தார். பெண்கள் பதில் சொல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாக முன்னமே சொல்லியிருந்தார். அம்மாள் புத்தகத்தின் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார்: உன் கணவன் பெயர் என்ன?

அந்த வீட்டுக்காரியான பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவரும் அப்படியே. வரிசை முழுவதும் வாய் திறக்கவில்லை.

"இந்தச் சுலபமான கேள்விக்கும் விடை தெரியவில்லையா?" என்றார் அம்மாள்.

"தெரியும்மா. புருஷன் பேர எங்க வாயால சொல்லுதது வழக்கமில்ல," என்றார் பேச்சியம்மாள்.

"ஆங்கிலத்தில் சொல்லலாமே?"

"எந்தப் பாஷையில சொன்னாலும் அவுக பேரு அவுக பேருதானே!"

அம்மாள் அக்காளிடம் திரும்பி, "நீர் ஆசிரியை. நீர் சொல்லிக் காட்டும்," என்றார். வேதம் படித்தென்ன, அத்தான் கடலுக்கு அப்பால் இருந்தென்ன, அந்தப் பெயர் அக்காள் வாயிலும் வராது. வகுப்பு போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் மனைவி சொல்லாத பெயரைப் பக்கத்திலிருப்பவர் எடுத்துக்கொடுப்பதும் நம்மூர் வழக்கந்தானே? நான் எழுந்து, இவர்களுடைய கணவர் பெயர் இன்னது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பேச்சியம்மாளுக்குப் பக்கத்திலிருந்த கோமதி சட்டென்று நிமிர்ந்தார். "எக்கா, அப்படின்னா இவுக வீட்டுக்காரர் பேர நான் சொல்லுதேன்!"

பிறகு கேட்கவா வேண்டும்? ஒருவர் கணவர் பெயரை இன்னொருவர் சொன்னார். அதோடு விட்டார்களா? அவர் கடை எங்கே, அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்பதுவரை ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார்கள். வெள்ளைக்கார அம்மாளே சிரித்துவிட்டார். வகுப்பு பிழைத்தது. அடுத்த வாரத்திலிருந்து முதல் பாடத்தை அக்காள் அந்த முறையிலேயே நடத்தினார்கள்.

கடைசி மாதம் காய்ச்சலில் கிடந்த அக்காள், கஞ்சி கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண் துணையில்லாமல் தெருமுனை தாண்டாத அந்தப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார்கள். பேச்சியம்மாள் கிறிஸ்தவர் வீட்டில் கை நனைக்காதவர். "எக்கா, இந்தா நான் குடிக்கேன். பொறவு நீங்க குடிக்கணும்," என்று எங்கள் அடுப்பில் காய்ச்சிய கஞ்சியைத் தாம் முதலில் ஒரு வாய் குடித்தார். அக்காள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்று கிண்ணம் காலியாயிற்று.

மருந்து தந்த வைத்தியருக்கும், தினமும் வந்து ஜெபித்த சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், அடக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேச்சியம்மாளுக்கும் கோமதிக்கும் மற்றப் பெண்களுக்கும் எந்தப் பாஷையில் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வகுப்பு நிற்கவில்லை. இப்போது நான் போகிறேன். அக்காளின் பொறுமை எனக்கு இல்லை. அந்தப் பெண்கள்தான் பொறுத்துக்கொள்கிறார்கள்.