அடியில் வைத்த பொட்டு

எனக்குக் காது குத்தியது ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது. தாமதம்தான். முன்னால் இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் பங்காளி வீட்டில் சாவு விழுந்தது. மூன்றாவது முறை யாரும் சாகவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு ஒரே ஒரு தாய்மாமன். விருத்தாசலத்தில் அப்போது வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் பிரச்சினை.

மாமா அதற்கு முன் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனியில் இருந்தார். அச்சில் மண் கரைசல் ஊற்றுகிற வேலை. ஒருநாள் அதை விட்டுவிட்டுக் கேமரா வாங்கினார். அத்தை கழுத்தில் சங்கிலி போய் மஞ்சள் கயிறு வந்தது. "போ, போ. நாலு மாசத்துல நீயே வந்து நிப்ப" என்று முதலாளி சொன்னாராம். செத்தாலும் வரமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டு வந்தார். கேமராவுக்கு ஏதாவது ஆனால் அந்த ஆள் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும். இது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மழை தூறினால் மாமா சட்டையைக் கழற்றிக் கேமராவுக்குப் போடுவார்.

கல்யாணங்களில் தோளில் வைத்துத்தான் எடுப்பார். பெரிய கேமரா. கேசட் அதற்குள்ளேயே போகும். அதோடு மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும் வந்திருந்தது. அதற்கு வேலையில்லை. அத்தை அதில் ஈரத் துண்டு காயப் போடுவார்.

என் காதுகுத்துக்கு ஸ்டாண்டு தேவைப்பட்டது. மாமா மடியும் கொடுக்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் வேறு வீடியோக்காரரை வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா சொன்னார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் மருமவன் காதுகுத்துக்கே வேற ஆளு வந்து எடுத்தா, ஊருல என்ன எவன் கூப்புடுவான் மச்சான்?"



ஊருக்கு வெளியே முருகன் கோயில். எனக்கு மொட்டை போட்டார்கள். பிறகு மண்டபத்தில் மணை போட்டார்கள். எதிரே மாமா ஸ்டாண்டை விரித்தார். மேலே கேமராவை வைத்து, அடியில் இருந்த திருகாணியைத் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

"இறுகிடுச்சு" என்றார்.

கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்தார். கேமரா அசையாமல் நின்றது. பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓடி வந்து மணையில் உட்கார்ந்து என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குறுக்கே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள அத்தை ஸ்டாண்டு பக்கத்தில் நின்றார்.

"குறுக்க போவாதீங்க, படத்துல முதுவுதான் வுழும்" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்.

நகை செய்கிற பத்தர் வலது காதைக் குத்தினார். நான் கத்தினேன். அம்மா என் வாயில் வாழைப்பழத்தைத் திணித்தாள். பிறகு இடது காது. கம்பி உள்ளே போனது. அப்போதுதான் பார்த்தேன். கேமரா ஒரு பக்கமாகத் தலை சாய்த்திருந்தது. பஸ்ஸில் தூங்கிவிழுகிற ஆள் மாதிரி. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"மாமா, கேமரா" என்றேன். வாயில் பழம் இருந்ததால் அது வெறும் சத்தமாகத்தான் வந்தது.

"தோ ஆச்சிடா, அழுவாத" என்றாள் அம்மா.

"ஆடாம புடிங்க, கம்பி உள்ள இருக்குது" என்றார் பத்தர்.

மாமாவின் ஒரு கை என் நெற்றியில் இருந்தது. இன்னொரு கை தாடையில். இரண்டும் இரும்பு மாதிரி ஆயின. அவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. அவர் தொடை மட்டும் எனக்குக் கீழே நடுங்கியது. கால் மரத்துவிட்டது என்று நினைத்தேன்.

அத்தை யாரோ ஒரு தாத்தாவை விரட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டு கிறீச்சென்றது. திரும்பினார். கேமரா கழன்று வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் நீட்டினார். அது அவர் முகத்தில் இடித்து மார்பில் விழுந்தது. அதை அணைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதட்டில் ரத்தம்.

அத்தை குனிந்து சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"ஓடுதுங்க. இன்னும் ஓடுது" என்றார்.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. மாமா அப்போதும் எழுந்திருக்கவில்லை. பத்தர் கம்பியை வளைத்து முடுக்கும்வரை என் தலையைப் பிடித்திருந்தார். பிறகு இரண்டு காதிலும் ஊதிவிட்டார். என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். நேராக அத்தையிடம் போனார்.

"பல்லு இருக்குதா?" என்று அத்தையைக் கேட்டார்.

"எல்லாம் இருக்குது. மொதல்ல இதப் புடிங்க, கை வுட்டுப்போவுது."

கேமராவை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். திருகாணி ஏறுகிற ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ இருந்தது. நடுவில் சிவப்பு.

"யாரு இதுல சந்தனம் வச்சது?"

போன வாரம்தான் ஆயுத பூஜை. அத்தை முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதான சொன்னீங்க. கண்ணாடில வச்சிடாத, பட்டன்ல வச்சிடாத, அடியில வைன்னு."

"அடியிலன்னா? ஓட்டைக்குள்ளயாடி வைப்ப?"

"வட்டமா அழகா எடம் இருந்துச்சு. பொட்டு வைக்கறதுக்குன்னே வுட்டிருக்கான் போலன்னு நெனச்சேன்."

முதலில் சிரித்தவர் பத்தர். பிறகு அப்பா. பிறகு விரட்டு வாங்கிய அந்தத் தாத்தா. மாமா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. திருகாணி ஒரு சுற்றோ இரண்டோ ஏறி அதில் முட்டி நின்றுவிட்டது. கைக்கு அது இறுகின மாதிரி இருந்திருக்கிறது.

"அச்சு வாயில மண்ணு காஞ்சா இப்படித்தான் ஏமாத்தும்" என்றார் மாமா. "வருசக்கணக்கா அதுலயே கெடந்தவன் நான். எனக்கே தெரியல பாருங்க."

பத்தர் காது குத்துகிற கம்பியாலேயே ஓட்டையைக் குடைந்து சந்தனத்தை எடுத்தார். மாமா ஊதினார். திருகினார். இந்த முறை அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கேமராவின் மேல்பிடியைப் பிடித்துத் தூக்கினார். ஸ்டாண்டு மூன்று காலோடும் சேர்ந்து தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தார். அதன் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் தூக்கிப் பார்க்காமல் அவர் கையை எடுத்ததில்லை. கேமராவின் தோள்வாரையும் ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். அடுத்த பூஜைக்கு அத்தை ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் பொட்டு வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

"பத்தரே, பையன் காதுல சும்மா கைய மட்டும் வைங்க. அந்த எடத்த இன்னொரு தடவ எடுத்துர்றேன்" என்று அன்றைக்கு மாமா கேட்டுப் பார்த்தார்.

நான் அம்மா இடுப்பை விட்டு இறங்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டோம். சோறு ருசியாக இருந்தது. அத்தை மட்டும் உதடு எரிகிறது என்று தயிர்ச்சோறு சாப்பிட்டார்.

சாயந்திரம் எங்கள் வீட்டில் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். வலது காது வந்தது. நான் கத்தினேன். இடது காது வந்தது. படம் சாய ஆரம்பித்தது. மண்டபம் சாய்ந்தது. பத்தர் சாய்ந்தார். நானும் மாமாவும் சாய்ந்தோம். மாமா படத்துக்குள்ளிருந்து நேராக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டவில்லை. பிறகு மண்டபத்துக் கூரை, பிறகு அத்தை புடவையின் பச்சை.

"ஊருக்கெல்லாம் கேமராவப் பாக்காதீங்க, பாக்காதீங்கன்னு சொல்றாரு" என்றார் அத்தை. "இப்ப பாருங்க, இவரு போஸு குடுக்குறத."

வீடே சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

"சாயறத நீங்க பாக்கலியா மாமா?" என்று கேட்டேன்.

"இல்லடா. பாத்திருந்தா எழுந்து ஓடியிருக்க மாட்டனா?"

அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அந்த இடத்தை மட்டும் ரீவைண்டு செய்து செய்து காட்டச் சொன்னேன். மாமா போஸ் கொடுக்கிற இடம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். போட்ட ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் சிரித்தேன்.